மடிப்பு விழாத நோட்டு

ரங்கூனில் டாலரை யாரும் மடிப்பதில்லை. உள்ளூர் கியாட் நோட்டு மீன்கடை ஈரத்தில் ஊறிக் கந்தலானாலும் கைமாறும். டாலரில் மட்டும் மயிரிழை போலக் கோடு விழுந்திருந்தாலும் பணம் மாற்றும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவார். வந்த புதிதில் நான்காய் மடித்துக் கொண்டுபோய் அசடு வழியத் திரும்பியிருக்கிறேன். அன்றிலிருந்து என் டாலர்கள் தடித்த அகராதிக்குள்தான் படுத்திருக்கின்றன. புறநகர் லைங் தாயாவில் ஆடைத் தொழிற்சாலை வேலை, நகர நடுவே பபேடானில் ஒற்றை அறை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இதுதான் என் குடித்தனம்.

என் ஒரே கிறுக்கு, பழைய அமெரிக்க நோட்டுகள். ஒரு காலத்தில் அங்கே சின்னஞ்சிறு ஊர் வங்கிகூடத் தன் ஊர்ப்பெயர் போட்டு நோட்டு வெளியிட்டது. அடியில் வங்கிக்காரர் மையால் கையெழுத்திட்டிருப்பார்; சேகரிப்பவனுக்கு அதுதான் மதிப்பு. மதுரையில் இருந்தபோது மகள் பூரணி பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இன்று அப்படி ஓர் ஊரில்தான் வேலை பார்க்கிறாள். போன் செய்தால், "என்ன விஷயம்ப்பா?" என்பாள். விஷயம் இல்லாமல் அப்பன் கூப்பிடக்கூடாதா? ஆகட்டும், விஷயத்தோடே கூப்பிடுகிறேன் என்று அவள் ஊர் வங்கியின் நோட்டையே இரண்டு வருஷம் தேடி, சிங்கப்பூர் நண்பர் மூலம் வரவழைத்தேன். மடிப்பும் அழுக்குமாக வந்ததை, பிறந்தநாளுக்கு அனுப்புவதற்காக மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்தால் நோட்டு தகடாக விறைத்திருக்கிறது. கையெழுத்தைக் காணோம். எனக்குச் சமைத்துப்போடும் கீழ்வீட்டு அம்மாள் டோ மியா, தமிழ்த் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர், அதைச் சோப்பில் அலசி இஸ்திரி போட்டிருக்கிறார்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று கத்திவிட்டேன்.

"மடிப்பிருந்தா செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, சயா? மகளுக்குக் குடுக்கிறது நல்லா இருக்கட்டும்னு..." அவர் கண் கலங்கிவிட்டது.

சொன்னது நான்தான். வந்த நாளிலிருந்து ஓயாமல் சொன்னவன் நான்.

மனசு ஆறாமல் பூரணியைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். "அவங்களைத் திட்டினீங்களா? போய் மன்னிப்புக் கேளுங்கப்பா." அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அதற்குள், "சரி, வேற என்னப்பா விஷயம்?" என்றாள். வேறு விஷயம் என்னிடம் இல்லை.

கீழே போய் டோ மியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டை வாங்கி, கடைக்காரரைப் போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இப்போ எந்தக் கடையிலயும் எடுத்துக்குவாங்க, சயா."

"ஆமாம்" என்றேன்.

பூரணி என்றாவது "வாங்கப்பா" என்று கூப்பிட்டால் டிக்கெட் எடுக்கவென்று சேர்த்து வைத்திருக்கும் டாலர்களுக்கு நடுவே, அதையும் மடிக்காமல் வைத்து அகராதியை மூடினேன்.