வடக்கு மூலையில் ஒரு கரும்புள்ளி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. எங்கள் மேப் அக்காவுக்கு நடந்தது. தேடப் போன கூட்டத்தில் நானும் ஒருவன்.

எங்கள் கிளப்பில் ஓரியன்டியரிங் ஓடுகிறோம். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். காட்டுக்குள் அங்கங்கே கொடி நட்டிருக்கும், அதைத் தேடித் தேடி ஓட வேண்டும். வரைபடம் வரைவது அக்கா. கொடி நடுவது அவள் தம்பி. ஆறடி இரண்டு அங்குலம், அதனால் எல்லோருக்கும் அவன் நெட்டை. அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு நாதி கிடையாது.

அந்த வருடப் போட்டிக்குப் புதுக் காடு. அக்கா லைடார் தரவு தேடினாள். விமானத்திலிருந்து லேசர் அடித்து, தரையின் மேடு பள்ளத்தைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக எடுத்து வைத்திருப்பார்கள். அரசாங்கத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாடு முழுக்க இருந்தது, அந்தக் காடு மட்டும் வெள்ளைக் கட்டமாக இருந்தது. அக்கா விடுவாளா? தளத்தைக் குடை குடை என்று குடைந்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய அடுக்கில் கண்டுபிடித்துவிட்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் பறந்து எடுத்தது.

"பழசாச்சேக்கா," என்றான் நெட்டை.

"மலை என்ன எழுந்து நடந்தா போயிடும்? போடா."

வடக்கு மூலையில், ஒன்றுக்கொன்று கை எட்டும் தூரத்தில், இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று குட்டை, ஒன்று உயரம். ஆளாக இருக்குமோ என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் விமானம் அந்த இடத்தைக் கால் மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கடந்திருந்தது. இரண்டு முறையும் அவை அதே இடத்தில். எந்த மனுஷன் காட்டுக்குள் அவ்வளவு நேரம் நகராமல் நிற்பான்? பாறைதான் என்று முடிவு கட்டினாள். இவ்வளவு நெருங்கிய இரண்டு பாறைகளை வரைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழப்பும். அதனால் சேர்த்து ஒரே கரும்புள்ளியாக வைப்பதுதான் வழக்கம். வைத்தாள். கடைசிக் கொடிக்கும் அந்தப் பாறையையே குறித்தாள்.

எப்போதும் நேரில் போய்ச் சரிபார்ப்பாள். அந்த வாரம் விடாத மழை. அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டாள்.

போட்டிக்கு முந்தைய நாள் மழை விட்டது. நல்ல வெயில். நெட்டை கொடிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான். அக்கா கிளப் அறையில் வரைபடங்களை அச்சடித்துக்கொண்டிருந்தாள். மாலை நாலு இருபதுக்கு போன் வந்தது.

"அக்கா, பாறையக் காணோம்."

"நல்லாப் பாருடா. கரும்புள்ளி போட்டிருக்கேன்ல."

"புள்ளி வைக்கிறது நீ, அலையறது நானா? இங்க சும்மா தரைதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "யாரோ நிக்கிறாங்க."

"யாரு?"

"சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு. முதுகு காட்டிட்டு நிக்குது."

"வழி தவறி வந்திருக்கும். பாவம், கேளு."

"கேட்டேன்... திரும்ப மாட்டேங்குது."

அக்கா அச்சு எந்திரத்தை நிறுத்தினாள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. குருவிச் சத்தம்கூட இல்லை.

"பக்கத்துல வந்துட்டேன். அதோட துணியெல்லாம் காஞ்சு கிடக்குக்கா. ஒரு வாரமா மழை..."

"டேய், நீ வந்துடு. கொடி வேண்டாம். வந்துடு."

"கால் வரமாட்டேங்குது."

"விளையாடாத."

"விளையாடலக்கா."

அவன் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை.

அப்போது அந்தச் சத்தம்.

ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்ர்...

"மேல ப்ளேன் போகுதுக்கா. ரொம்பத் தாழ்வா."

அக்கா ஜன்னலுக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் காட்டுக்கு மேல் வானம் முழுதும் தெரியும்.

வானத்தில் ஒன்றும் இல்லை.

சத்தம் போனுக்குள் மட்டும் கேட்டது...

"அக்கா, அது திரும்புது."

போன் நின்றது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் சைக்கிள் காட்டோரம் சாய்ந்திருந்தது. மற்ற கொடிகள் எல்லாம் நட்ட இடத்தில் நின்றன. வடக்கு மூலையில் வெறும் தரை. கடைசிக் கொடி மட்டும் கீழே கிடந்தது. ஈர மண்ணில் அவன் காலடிகள் அங்கே வரை வந்திருந்தன. திரும்பிய காலடி இல்லை. அக்கா அந்தக் கொடியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போலீஸ் தேடியது. நாய் வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று அந்தப் பக்கம் எந்த விமானமும் பறக்கவில்லை என்று விமான நிலையத்தில் சொன்னார்கள்.

பல மாதம் கழித்து அக்கா அந்தத் தரவை மறுபடி திறந்தாள். இல்லாத பாறை எப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. வரைபடம் வரைகிறவர்கள் எப்போதும் மேலிருந்துதான் பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புள்ளிகளைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் பார்த்தேன்.

பாறை இல்லை. இரண்டு பேர்.

உயரமான உருவத்தை அளந்தாள். ஆறடி இரண்டு அங்குலம். முழங்கை மடங்கி, கை காதருகே இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எடுத்த தரவு அது. அப்போது நெட்டை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அக்காவின் தோள் உயரம்கூட இல்லை.

விமானம் இரண்டாவது முறை வந்தபோது எடுத்ததையும் திருப்பினாள்.

அதில் அவன் கை காதிலிருந்து இறங்கியிருந்தது. அந்தக் குட்டை உருவம் அதைப் பிடித்திருந்தது.