பீரோவுக்குள் இருந்த என் அசல் சான்றிதழ்கள்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்கக் கூடாது.

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார். வேலையில் சேர்ந்த அன்று சான்றிதழ் கேட்டார்கள். பையில் ஜெராக்ஸ் இருந்தது. பெருமையில் அசலையே நீட்டினேன். அது அலுவலகப் பீரோவுக்குள் போனது. சாவி தாளாளரிடம்.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்த மூன்று பேர் ஓடிப்போனார்கள், அதன் பிறகே அசலை வாங்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆண்டு விழா உடை மூட்டைகளுக்கு நடுவில்தான் பயிற்சி. டீச்சர் வராத வகுப்புக்கெல்லாம் என்னை அனுப்புவார்கள். அட்மிஷன் மாதத்தில் பெற்றோர் பார்க்க வெள்ளைக் கோட்டு போட்டு வாசலில் நிற்கவேண்டும். "பாத்திரம் கழுவுறவர் பொண்ணுக்குக் கோட்டு நல்லாத்தான் இருக்கு" என்பார் தாளாளர். மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, போன ஏப்ரலில், சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஜூன் முதல் திங்கட்கிழமை அசலோடு வரச் சொன்னார்கள். தாளாளரிடம் கேட்டேன்.

"உன் எடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டாந்து விடு. அவ பேப்பர் உள்ள வந்தா உன் பேப்பர் வெளிய போவும்."

இருபத்தொரு நாள் உபவாசம் இருந்து, "ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே" என்று அழுதேன். கல்லூரியில் என் ஜூனியர் ஷீபா தென்காசிப் பக்கம். அவளுக்குப் போன் செய்து, நல்ல பள்ளி, தனி அறை என்று பொய் சொன்னேன். உபவாசத்தில் இருந்துகொண்டே சொன்னேன்.

மே கடைசியில் வந்தாள். "எங்கம்மா ஒங்களுக்காவ தெனமும் ஜெபம் பண்ணுதாவக்கா" என்றாள்.

அலுவலகத்தில் தாளாளர் கையை நீட்டினார். ஷீபா சான்றிதழ்க் கோப்பை எடுத்தாள். ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை, என்னுடையதைப் போலவே. அவள் கையைப் பிடித்தேன்.

"குடுக்காத ஷீபா. நான் சொன்னது பொய். என்னோடது இந்தப் பீரோவுலதான் மாட்டிக்கிட்டு இருக்கு."

"ஏன்க்கா இப்படிச் செஞ்சிய?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

"அப்ப உன்னோடது இங்கயே மக்கட்டும்" என்றார் தாளாளர்.

கதவருகில் செல்வி அக்கா நின்றிருந்தார். கார் கம்பெனி லைனில் வேலை. அவர் மகள் திக்குவாள், என்னிடம்தான் பயிற்சி. புத்தகம் வாங்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், பேப்பரைப் புடிச்சு வெச்சிக்கினுதான் ஆளை நிக்க வெக்கிறியா? இப்பிடி நடத்துனா வர்றதுங்க ஓடாம இன்னா பண்ணும்? எம்பொண்ணு நாலு தபா மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிட்டா."

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மோடு, செல்வி அக்காவோடு சேர்த்து ஒன்பது அம்மாக்கள் பள்ளி வாசலில் உட்கார்ந்தார்கள். அட்மிஷனுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் செல்வி அக்கா இதைச் சொன்னார். மத்தியானம் தாளாளர் பீரோவைத் திறந்தார். கோப்பை என் கையில் கொடுக்கவில்லை, தரையில் எறிந்தார்.

"பொறுக்கிக்கோ. உங்க வூட்டுக்குப் பழக்கம்தானே."

தாள்கள் மேசைக்கடியில் சிதறின. மண்டியிட்டுப் பொறுக்கினேன். அந்த முழங்காலிலேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

வாசலில் செல்வி அக்கா, "நீ கெளம்பு கண்ணு. எம்பொண்ணு அஞ்சாவது தபா ஆரம்பிச்சிக்கும்" என்றார். குத்திக்காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. பயிற்சி தவிர வேறு வேலை செய்ய மாட்டேன் என்று தாளாளரிடம் சொன்னேன். வேறு ஆள் வராததால் ஒத்துக்கொண்டார். கேலி நிற்கவில்லை. ஆனால் அசல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. போக வழியிருந்தும் இருக்கிறேன்.

ஷீபா இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

அன்பானவர்களே, பீரோ எவ்வளவு பெரிதானாலும் கர்த்தரிடம் கேளுங்கள், அவர் திறப்பார். என்னைப்போல இன்னொருத்தியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வரக் கேட்காதீர்கள்.