பலகை மாட்டிய வீடு

குப்பம் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறேன். மூடிப்போன தங்கச் சுரங்கக் கம்பெனியின் குடியிருப்பை இப்போது சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். ‘தொழிலாளி வீடு’ என்று பலகை மாட்டிய வீட்டுக்குள் நுழைகிறேன். அடுப்பில் உலை கொதிக்கிறது. காட்சிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் படம் எடுக்கிறேன். பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஒரு பெண் வருகிறார்.

“மன்னிச்சிடுங்கம்மா, ஆள் இருக்கறது தெரியல.”

“எடுத்துக்கோங்க சார். மத்த ஊட்டையெல்லாம் இடிச்சிட்டாங்க. ஜனங்க பாக்க வந்துக்கினு இருந்தாத்தான் இத்த உட்டு வெப்பாங்க. எங்க நைனா சொரங்கத்துக்குள்ளவே பூட்டாரு. நான் எங்க போறது?”

இன்னொரு படம் எடுப்பதா, வெளியே போய்விடுவதா என்று புரியவில்லை.

“குந்துங்க சார், சோறு துன்னுட்டுப் போலாம்” என்கிறார்.

அப்போதுதான் என் காலில் செருப்பு இருப்பதைப் பார்க்கிறேன்.