இரும்புப் பெட்டியில் இருந்த என் லைசென்ஸ்

ஆம்பூரில் நான் லாரி ஓட்டிய, தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேருகிற அன்றே டிரைவர் தன் லைசென்ஸை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். "உங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவே. எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார். ஏழு வருஷம் பத்திரமாக இருந்தது. வழியில் போலீஸ்காரர் யாரும் கேட்டதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேச யாருக்கு மனம் வரும்?

லைசென்ஸ் கையில் இல்லாமல் வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது. கேட்டு வாங்க எனக்கு வாய் வராது. இரண்டு முறை முதலாளி அறைக்குள் போய், டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லித் திரும்பியிருக்கிறேன்.

அறுபதுகளில் அரசாங்கம் மானியம் கொடுத்து லாரி, பஸ் டிரைவர்களுக்கு வேலூரில் பத்து நாள் பயிற்சி வைத்தது. அந்தப் பணத்தில் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பொட்டலில் மண்மேடு போட்டு, ரிவர்ஸ் எடுத்துப் பழக வெள்ளையடித்த கம்பங்கள் நட்டிருந்தார்கள். தேறினால் லைசென்ஸில் ஒரு முத்திரை. தனக்குச் செலவில்லை என்றதும் முதலாளி என்னை லாரியோடு அனுப்பினார். கூடவே ஷாப் மேஸ்திரியையும் அனுப்பினார். லைசென்ஸ் மேஸ்திரியின் சட்டைப்பையில் வந்தது.

பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் கேட்டார்.

"இன்னா தோஸ்த், மரத்தடியில உக்காந்துக்கினு உன்னையே பாக்குறாரே, மாமனாரா?"

"எங்க மேஸ்திரி."

"பொண்ணு குடுக்காமலே காவலா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முத்திரை விழுந்ததும் எடுத்துக்கினு நேரா எங்க டிப்போவுக்கு வந்துடு. ஆள் கம்மி. மேனேஜராண்ட நான் சொல்றேன்" என்றார். டிப்போ நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. அதன் பிறகு பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

கடைசி நாள் பரீட்சை. அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு என் லாரியில் ஏறினார்.

"வண்டியக் கழுவினியாப்பா?"

"மூணு தடவ கழுவினேன் சார்."

"மாடு இன்னும் எறங்கலியே."

கம்பம் எதிலும் படாமல் ரிவர்ஸ் எடுத்தேன். மேஸ்திரி லைசென்ஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முத்திரை விழுந்ததும் எடுக்கக் கையை நீட்டினார்.

"நீங்களா ஓட்டுனீங்க?" என்று அதிகாரி அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தேன். படத்தில் எனக்கு நிறைய முடி இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் பஸ் டிரைவர் காத்திருந்தார். மேஸ்திரி குடையை எடுக்க மரத்தடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர், "கை வேர்வை படப்போவுது" என்று மட்டும் சொன்னார். கொடு என்று அவர் கேட்கவேயில்லை. நான்தான் நீட்டினேன்.

பஸ் டிரைவர் டிப்போ பக்கம் தனியாக நடந்து போனார்.

பள்ளிகொண்டா வருவதற்குள் மேஸ்திரி தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸின் ஓரம் வெளியே தெரிந்தது. கியர் மாற்றும்போது என் கை அதில் பட்டுவிடாமல் ஓட்டிக்கொண்டு போனேன்.