விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி

கஹவத்தைப் பக்கம், ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அக்கா குடியிருக்கிறாள். அவள் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, பின்னால் மண்மேட்டில் வெடிப்பு. முதலில் விரல் நுழைந்தது, நான் போயிருந்தபோது பெய்த மழைக்குக் கையே நுழைந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள்தான். பஸ் கொஞ்சம் குலுங்கினாலே பிரேக் போய்விட்டதோ என்று நினைப்பேன். ஆனால் அந்த வெடிப்பு கண்ணால் கண்டது.

கிராம சேவகரும் வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லிச் சிங்களத்தில் கத்திவிட்டுப் போனார். அக்கா பையில் துணி அடுக்கி, பிள்ளைகளுக்குச் செருப்பும் மாட்டிவிட்டாள். அப்போதுதான் மச்சான் பாயில் சாய்ந்தபடி ஆரம்பித்தார். உலகம் உண்டான அன்றைக்கே எல்லாம் எழுதியாகிவிட்டதாம். மேடு சரியணும்னா சரியுமாம். போனில் யாரோ படித்தவர் பேசினாராம், சயன்ஸும் அதைத்தான் சொல்கிறதாம்.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி கத்தியது.

பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அக்கா விரலால் தரையைத் தட்டிவிட்டு, பையைக் கீழே வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பல்லி அதுபாட்டுக்குக் கத்துது மச்சான். நீங்க பேசுறதும் எழுதி வச்சபடின்னா, உங்க வாய்க்கும் அதோட வாய்க்கும் என்ன வித்தியாசம்? அதை உண்மைன்னு எப்படி நம்புறது?"

"நீ கேக்குறதும் எழுதினதுதான் புள்ள."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், அவரோடு வாதாட நிற்கவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன். அவர்களுக்காக அக்காவும் பின்னால் வந்தாள். அவர் வரவில்லை.

மேடு விழவில்லை. மறுநாள் நாங்கள் திரும்பியபோது வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். விழணும்னு எழுதலை பாத்தியா என்று சிரித்தார்.

இன்னும் ஆறவில்லை எனக்கு. விழுந்திருந்தால் அதுவும் எழுதினது என்று இவரைப் போன்றவர்கள் சொல்லியிருப்பார்கள். எது நடந்தாலும் சரியாகிப் போகிற பேச்சுக்கு உண்மை என்று பெயரா? கூரை ஒழுகினால் சட்டி வைக்கிற மனுஷன்தானே, அது எதற்கு? எல்லாம் எழுதியே இருக்கட்டும். நான் வெடிப்பைப் பார்த்ததும், கத்தியதும், பிள்ளைகள் இறங்கியதும் அதிலேதானே இருக்கும்? என் பங்கை மட்டும் அழிக்க இவர் யார்?

இதையெல்லாம் வாசலில் நின்றே கேட்டேன். அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். அக்காதான் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி மழை வந்தா நானும் பிள்ளைகளும் கீழ போயிருவோம். நீங்க எழுதினதைப் படிச்சிக்கிட்டு இருங்க."