நாங்கள் குறை சொல்லாத கார்

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் கார் நிபுணர்கள் பெருகினார்கள். கண்ணில் படாத பொருளைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பது சுலபம். மாத்தளையில் அப்படி நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நானாவின் ஹார்ட்வெயார் கடை பூட்டியிருக்கும். பின்முற்றத்தில் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்போம். நானா கடை முதலாளி, என்னைவிடச் சில வயது மூத்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். அடுத்தவர் ரத்தோட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்பவர். மிஞ்சியவன் நான், அரசாங்க அலுவலகமொன்றில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புகிறவன்.

எங்களைக் கூட்டி வைத்தது நானாவின் கார். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, வட்ட விளக்குகள், மாதுளைச் சிவப்பு. கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் ஒருவன். அதே கம்பனி அதே பெயரில் புதுக் காரொன்றை வடிவமைத்து வெளியிட்டபோது நாங்கள் கொதித்துப்போனோம். உலகெங்குமுள்ள அபிமானிகள் இணையக் குழுவொன்றில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மாத்தளை சார்பில் நாங்கள் கொதித்தோம். பழைய மூக்கை வெட்டிப் புது முகத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்றார் டீமேக்கர். இஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரில் வரவைக்கிறார்களாம் என்று நானா முகஞ்சுளித்தார். பாரமில்லாத ஸ்டீரிங் மனச்சாட்சியில்லாத மனிதனைப் போன்றது என்று நான் குழுவில் நீளமாக எழுதினேன். பிரேசிலிலிருந்து ஒருவர் அதற்குக் கைதட்டினார். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர்.

இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, அந்தப் புதுக் காரே கடை வாசலில் வந்து நின்றது. கொழும்புக்காரர் ஒருவர் ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழி. இவ்வளவு தாழ்வான கார் அந்தப் பாதையில் போகுமா என்று கேட்க இறங்கியவர், திறந்திருந்த கேட்டுக்குள்ளே நானாவின் காரைக் கண்டார். கேட்க வந்ததை மறந்துவிட்டார். செருப்பைக் கழற்றாத குறையாக அதைச் சுற்றிவந்தார்.

“ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமா?” என்று அவர் கேட்டதும் நானா சாவியை நீட்டினார்.

“நீங்க இத எடுங்க, நான் அத எடுக்கிறேன். ரத்தோட்ட வரைக்கும் போய்ட்டு வருவோம்.”

புதுக் காரில் நானாவின் பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். குறைகளுக்கு நேர்ச்சாட்சி வேண்டுமே. சீட் என்னை மாமியார் வீட்டு முதல் விருந்தைப் போலத் தாங்கிக்கொண்டது. ஊர் முடிந்ததும் ஏற்றம். பழைய காரில் இந்த ஏற்றத்தில் பேச முடியாது, கத்தத்தான் முடியும். இங்கே நானா மூச்சு விடுவதே கேட்டது. முதல் வளைவில் பழக்கதோஷத்தில் தோளைக் கொடுத்துத் திருப்பினார். கார் தேவைக்கு மேல் திரும்பிவிட்டது. அடுத்த வளைவில் பிடிபட்டுவிட்டது. அதற்கடுத்ததில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

“சத்தம் ஸ்பீக்கர்லதான் வருது நானா” என்று ஞாபகப்படுத்தினேன்.

“தெரியும்.” அடுத்த வளைவை ஒற்றைக் கையால் திருப்பினார். “பொய்ச் சத்தம் எண்டாலும் நல்ல சத்தம், சேர்.”

திரும்பி வந்து இறங்கியபோது டீமேக்கர் கேட்டிலேயே காத்திருந்தார். “எப்படி முதலாளி? வெறும் பிளாஸ்டிக்தானே?”

“ஓ, பிளாஸ்டிக்தான்” என்றார் நானா. என் பக்கம் திரும்பவில்லை.

கொழும்புக்காரர் பழைய காரிலிருந்து சட்டை நனைய, கையை உதறிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைப் போல இறங்கினார். “இதுல ஒரு ஸ்குரூவைக்கூட மாத்திடாதீங்க” என்று நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன்னுடைய குளிர்ந்த காரில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகும் கூடினோம். டீமேக்கர் புதுக் காரை வழக்கம்போலத் தாக்கினார். நானா வழக்கம்போல ஆமாம் போட்டார். தன் காரின் உறையைக் கழற்றுவது மட்டும் குறைந்தது. மலைப்பாதையில் போய்வந்தால் தோள் நோகிறது என்றார். முன்பும் நொந்திருக்கும், அது நோவென்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

ஒரு ஞாயிறு முற்றம் வெறுமையாக இருந்தது. “கலேவெலயில ஒரு கராஜுக்குக் குடுத்தீக்கேன். சின்ன வேல” என்றார் நானா.

அந்தச் சின்ன வேலை ஒரு மழைக்காலம் முழுவதையும் தின்றது. கார் திரும்பி வந்தபோது நாங்கள் வாளிகளிலிருந்து எழுந்து நின்றோம். வட்ட விளக்குகளுக்குள் ஆஸ்பத்திரி வெள்ளையில் எல்.ஈ.டி. மீட்டர் ஊசிகள் துடித்த இடத்தில் ஒரு திரை. ஸ்டீரிங்கின் மரவளையம் போய், மெத்தென்ற புது வளையமும் பவர் ஸ்டீரிங்கும். கிளச்சே இல்லை, ஓட்டோ கியர்.

“பழைய சாமானெல்லாம் எங்க முதலாளி?” என்று டீமேக்கர் கேட்டார்.

“கராஜ்காரன் இரும்புக்குப் போட்டுட்டானாம். வைக்கச் செல்லி நானும் செல்லல்ல, அவனும் கேக்கல்ல.”

உலகத்தின் எந்த மூலையில் யார் எந்தக் காருக்குப் புது உருவம் கொடுத்தாலும் தீர்ப்புச் சொன்னவர்கள் நாங்கள். இப்போது அப்படியொன்று எங்கள் மூக்குக்கு நேரே நின்றது. கை நீட்டினால் தொடலாம். “நல்லா இருக்கு நானா” என்றேன். “பாக்க எடுப்பா இருக்குங்க” என்றார் டீமேக்கர். நானா பிளேன்டீ ஊற்றினார். மழையைப் பற்றியும் மிளகுக் கொடியைப் பற்றியும் பேசினோம். எனக்கு மிளகைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் நிறையப் பேசினேன். அடுத்து வந்த ஞாயிறுகளும் அப்படியே போயின.

பிறகொரு நாள் நானா கோப்பையைக் கீழே வைத்தார். “அந்தக் கொழும்புக்காரன்ட காருக்கு எவ்வளவு எழுதினீங்க சேர். அதக் கண்ணால காணாத காலத்துலயே. என்டதுக்கு ரெண்டு வார்த்த செல்லுங்களேன்.”

“நல்லா இருக்குன்னு சொன்னேனே நானா.”

“மய்யத்து வீட்டுல செல்ற மாதிரி சென்னீங்க.”

டீமேக்கர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். “லைட் கொஞ்சம் வெள்ளை கூடிப்போச்சு” என்றேன்.

“ஆ. மத்தது?”

“அந்த டீவி எதுக்கு முதலாளி?” டீமேக்கரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “ஸ்பீட் பாக்கவா, நாடகம் பாக்கவா?”

“அப்படிச் செல்லுங்க!” நானாவின் முகம் பல வாரங்களுக்குப் பிறகு தெளிந்தது. அதன்பின் நாங்கள் எதையும் விடவில்லை. சீட், கியர், கதவுப்பிடி என்று ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டோம். எல்லோரையும்விட அதிகமாகக் கிழித்தவர் நானாதான். “ஏத்தத்துல நான் என்ன நெனக்கிறேன் எண்டு இதுக்கு வெளங்குதில்ல. முந்தி வெளங்கிச்சு.” அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த மரவளையத்தயாச்சும் கேட்டு எடுத்தீக்கலாம்” என்றார். “எனக்கு ஞாபகமே வரல்ல. தோள் நோவு போனாப் போதும் எண்டு பாத்தேன்.”

“தோள் இப்ப எப்படி நானா?” என்று கேட்டேன்.

அவர் தோளை ஒருமுறை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார்.

“தோளுக்கு நல்ல சொகம், சேர்.”