கோமதி மறுபடி ஏற்றிய விளக்கு

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம். அதனால்தான் நம் வெள்ளிக்கிழமை பஜனை அன்பர்களுக்கு எழுதித் தருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மராத்தி பேசும் ஊரான நிக்டியில் குடியிருக்கிறோம். பிம்ப்ரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரன் நான். என் மனைவி கோமதிக்குப் பல வருடமாக அடிவயிற்று வலி. கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியே குடல் வரை ஒட்டி வளர்ந்துவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தது. ஊசியும் ஒத்துக்கொள்ளவில்லை. 2007-இல், இனிமேல் கத்தி வைத்தால் குடலுக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் சுருண்டு கிடப்பாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுவேன்.

உதிரப்போக்கு நிற்காததால் அவள் பூஜை அலமாரிப் பக்கமே வருவதில்லை. முருகன் கோபிக்க மாட்டான் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. விளக்கேற்றுவது என் வேலையாயிற்று. அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து அதட்டுவாள்.

"ஏங்க, அது விளக்கா, வடைச் சட்டியா? இவ்வளவு எண்ணெய் ஊத்துதீங்க! வாய விட்டுப் பாடுங்க."

"கூச்சமா இருக்கு."

"நாம ரெண்டு பேருதான இருக்கோம்?"

"முருகன் இருக்காரே!"

வலியிலும் சிரித்துவிடுவாள். நான் தினமும் கேட்டது ஒன்றுதான். "முருகா, எனக்கு இது வராது. அவளே வலியில்லாம வந்து விளக்கேத்தணும்."

டாக்டரம்மா எங்களை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கதிர்வீச்சு கொடுத்துச் சினைப்பையின் வேலையை நிறுத்தலாம், அது நின்றால் அந்தச் சதையும் வாடிவிடும், வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இது என்றார்கள். மாதவிலக்கு நின்றுவிடும், பிள்ளையும் பிறக்காது. எங்களுக்கு அந்த ஆசை ஓய்ந்து வெகுகாலம். ஆனாலும் புற்றுநோய்க்குக் கொடுப்பதாயிற்றே என்று நான் நடுங்கினேன். கோமதி நடுங்கவில்லை.

தினமும் முதலில் உள்ளே படம் எடுத்து, இடம் சரியா என்று பார்த்த பிறகுதான் கதிரை விடுவார்கள். குடல் விலகி நிற்க, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். "ஹலூ நகா, தாயி" என்பார் மெஷின்காரர். ஆடாதீர்கள் அக்கா என்று மராத்தியில் அர்த்தம்.

"இவ்வளவு தண்ணியக் குடுத்துட்டு ஆடாதேன்னா எப்படி?" என்பாள் கோமதி.

வெளியே நான், "வேல் மாதிரி சரியான இடத்துல மட்டும் படணும் முருகா" என்று வேண்டி, வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் கதிர் விடாமலே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு உயிரே போயிற்று.

"எதுக்கு நிறுத்திட்டாங்க?"

"நீங்க வெளிய பாடினது உள்ள வரைக்கும் கேட்டுது. அதான் மெஷினே பயந்து நின்னுட்டு."

என்னை அறியாமல் சத்தமாகவே பாடியிருக்கிறேன்! உண்மையில் படத்தில் குடல் இறங்கி வந்திருந்ததாம். மறுபடி தண்ணீர் குடிக்க வைத்து, குடல் விலகியதைப் படத்தில் பார்த்த பிறகே கொடுத்தார்கள். தவறான இடத்தில் படாமல் தடுத்தது மெஷின்தான். எனக்கு அதுவும் முருகன் கைதான்.

சில மாதங்களில் உதிரப்போக்கு நின்றது. வலி மெல்ல மெல்ல ஓய்ந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்று விசிறிக்கொள்வாள், எலும்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அவ்வளவுதான். ஒரு கார்த்திகையன்று நான் திரி போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள்.

"நகருங்க. எண்ணெயக் கொட்டினது போதும்."

அவளே ஏற்றினாள். நான் கூச்சப்படாமல் அழுதேன்.

அன்று முதல் விளக்கு அவளுடையது, பாட்டு என்னுடையது. அன்பர்களே, வீட்டுப் பெண்களின் வலியை மூடி வைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். முருகனிடமும் சொல்லுங்கள். பாட வராத என் குரலையே கேட்டவன், உங்கள் குரலையும் கேட்பான்.

எழுதி முடித்தது: 2009, தைப்பூசத்தன்று.